மாவட்டக் கணக்கில் எங்கள் தீவு எங்கே?



அனலைதீவிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கிளினிக்கில் நடந்த கூட்டமொன்றில், பிள்ளைப்பேற்றின்போது தாய்மார் இறப்பது இலங்கையில் மிகவும் குறைந்துவிட்டது என்று சொன்னார்களாம். "அப்படியென்றால் எங்கள் தீவிலும் குறைந்துவிட்டதா அக்கா? எங்களுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறதா?" என்று கேட்கிறார். ஊர்காவற்றுறையில் இருந்துகொண்டு இந்தப் பக்கத்தை எழுதுகிற எனக்கும் இந்தக் கேள்வி உண்டு. இந்த மாதம் அதைப் பற்றியே கதைப்போம்.

கூட்டத்தில் சொன்னது உண்மை. 1940களின் தொடக்கத்தில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பிள்ளைகள் பிறந்தால் 1500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1950களின் முற்பகுதியில் அது 555 ஆனது. கடந்த இருபது வருடங்களில் பெரும்பாலும் 30ஐச் சுற்றியே நிற்கிறது. எங்களைவிடச் செல்வம் கூடிய பல நாடுகளே ஆச்சரியப்படுகிற மாற்றம் இது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதன்பின் பயிற்சி பெற்ற மருத்துவமாதர் வீடு வீடாக வந்தார்கள், காசு வாங்காத வைத்தியசாலைகள் கிராமங்களுக்கு வந்தன. 1985இலிருந்து ஒவ்வொரு தாயின் மரணத்தையும் கட்டாயம் அறிவிக்க வேண்டும், ஏன் இறந்தார் என்று விசாரிக்க வேண்டும் என்ற ஒழுங்கும் வந்தது. எங்கள் தீவுகளில் வெயிலிலும் மழையிலும் சைக்கிளில் வந்துபோன மருத்துவமாதரை நினைத்தால் இந்தக் கணக்கின் பெருமை யாருக்குச் சேர வேண்டும் என்பது விளங்கும்.

ஆனால் 'இலங்கை' என்று எழுதிய இடத்தில் நாங்கள் எப்போதும் இருந்தோமா?

1987இலும் 1993இலும் நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று மக்கள் தொகை, சுகாதாரம் பற்றிய பெரிய ஆய்வுகள் நடந்தன. அவற்றில் வடக்கு இல்லை. 2006-07இல் நடந்த ஆய்விலும் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் இல்லை. 25 மாவட்டங்களும் சேர்ந்த ஆய்வு 2016இல்தான் நடந்தது. குடிசன மதிப்பீடும் இப்படித்தான். 1981க்குப் பிறகு யாழ்ப்பாண மாவட்டம் முழுமையாக எண்ணப்பட்டது 2012இல். இடையில் முப்பத்தொரு வருடம். அந்த முப்பத்தொரு வருடத்தில் எங்களுக்கு என்னென்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990-91இல் தீவுப்பகுதி படையினர் வசமானபோது பெருந்தொகையானவர்கள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். மிஞ்சியவர்களுக்குப் பண்ணைத் தாம்போதி மூடப்பட்டது. 1995இன் கடைசி வரை அதன் ஒரு முனை ஒரு தரப்பிடமும் மறு முனை மற்றத் தரப்பிடமும் இருந்தன. கண்ணுக்கெட்டின தூரத்தில் பெரியாஸ்பத்திரி, ஆனால் போக வழியில்லை. அந்தக் காலத்தில் உரிய நேரத்தில் வைத்தியம் கிடைக்காமல் போனவர்களில் எத்தனை பேர் எந்த வீதத்துக்குள் வந்திருப்பார்கள்?

சரி, இப்போது மாவட்டத்துக்குக் கணக்கு இருக்கிறது. ஆனால் மாவட்டம் என்பதும் ஒரு பெரிய சட்டிதான். நல்லூரும் நெடுந்தீவும் அதற்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. 2016 ஆய்வில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத சிறு பிள்ளைகள் நாடு முழுவதற்கும் 100க்கு 17 பேர். பெருந்தோட்டங்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது 100க்கு 32 பேர் அளவில். அப்படிப் பிரித்துப் பார்த்ததால்தான் மலையகப் பிள்ளைகளின் நிலை வெளியே தெரிந்தது. வெளிநாட்டிலும் இதுதான் கதை. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கால்ற்றன் என்ற ஏழைப் பகுதியில் பிறக்கும் ஆண்பிள்ளைக்கு எதிர்பார்க்கக்கூடிய ஆயுள் 54 வருடம், சில மைல் தள்ளி லென்சி என்ற வசதியான ஊரில் 82 வருடம் என்று 2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழுவொன்று எழுதியது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஒரு குறையும் தெரியாது.

அப்படியானால் தீவுகளுக்கும் தனியாக ஒரு மரண வீதம் போட்டால் போதுமா? போதாது என்பதுதான் என் எண்ணம். காரணம் சொல்கிறேன்.

இந்த நாட்டில் மரணம் பதியப்படுவது அது நடந்த இடத்தில். நயினாதீவு அம்மா ஒருவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கண்மூடினால் பதிவு யாழ்ப்பாண நகரத்தில். அந்த எண்ணிக்கையை அப்படியே பார்த்தால் தீவு சுகமாக இருக்கிறது, நகரம் நோயோடு இருக்கிறது என்று தோன்றும். தாய் மரணத்தில் மட்டும் அவர் வாழ்ந்த இடம்வரை தேடிப் போய் விசாரிக்கிறார்கள். மற்றையவற்றில் அந்தளவு தேடல் இல்லை. இன்னொரு பக்கம், இளம் ஆட்கள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கிற வீடுகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. முதியவர்கள் கூடின ஊரில் ஆயிரம் பேருக்கு இத்தனை சாவு என்று பார்த்தால் கூடத்தான் வரும். அதை வைத்து அந்த ஊர் நோய் பிடித்த ஊர் என்று சொல்ல முடியாது. ஒரே வயதுக்காரரை ஒரே வயதுக்காரரோடுதான் ஒப்பிட வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் ஆட்தொகை. வருடத்துக்கு 50 பிள்ளை பிறக்கிற ஒரு தீவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டு வீதப்படி பார்த்தால் அங்கே ஏறக்குறைய 67 வருடத்துக்கு ஒரு முறைதான் ஒரு தாய் இறக்க வேண்டும். அதனால் வருடா வருடம் 'பூச்சியம்' என்று எழுதுவார்கள், எல்லாம் நல்லாயிருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். ஒரு வருடம் ஒரு தாய் இறந்துவிட்டால் வீதம் திடீரென ஒரு இலட்சத்துக்கு 2000 ஆகும். இரண்டுமே எங்களுக்கு ஒன்றும் சொல்லாத எண்கள். அந்தப் பூச்சியத்துக்குள்ளே எத்தனை தாய்மார் மயிரிழையில் தப்பினார்கள் என்பது தெரியாது.

ஆகவே தீவுகளில் எண்ண வேண்டியது மணித்தியாலத்தை என்று நான் சொல்வேன். 1994இல் தடேயஸ், மெயின் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் தாய்மார் இறப்பதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று எழுதினார்கள்: போக வேண்டும் என்று முடிவெடுக்கிற தாமதம், போய்ச் சேருகிற தாமதம், போன பிறகு வைத்தியம் கிடைக்கிற தாமதம். பேற்றுக்குப் பிறகு இரத்தம் கடுமையாகப் பெருகினால், வைத்தியம் இல்லாவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உயிர் போகலாம். பாரிசவாதத்துக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். இப்போது நெடுந்தீவை நினையுங்கள். படகு ஆயத்தமாக வேண்டும், குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தெருவழி. சோளகமோ வாடையோ பலமாக அடித்தால் அதுவும் இல்லை. 2018இல் வடக்குக்கு வந்த 1990 அம்புலன்ஸ் நல்ல சேவை, ஆனால் அந்த வண்டி கடலில் ஓடாது.

கடலைப் பற்றி எல்லோரும் கதைப்பார்கள். முதலாவது தாமதத்தைப் பற்றி நாங்கள்தான் கதைக்க வேண்டும். கணவனை இழந்தோ தொலைத்தோ தனியே குடும்பம் நடத்துகிற பெண்ணுக்கு நெஞ்சு நோகிறது. பிள்ளைகளை யாரிடம் விடுவது, ஆட்டை யார் பார்ப்பது, படகுக்குக் காசு எங்கே, நகரத்தில் எங்கே தங்குவது என்று யோசித்து, "விடியட்டும் பார்ப்பம்" என்று படுக்கிறாள். இதை அறியாமை என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அவளுக்கு எல்லாம் தெரியும், மாற்றுக்கு ஆள் இல்லை. இன்னுமொன்றும் இருக்கிறது. இரவில் அவசரமென்றால் பல தடவை கடற்படைப் படகுதான் நோயாளரைக் குறிகட்டுவானில் கொண்டுவந்து சேர்க்கிறது. 1985 மே 15இல் குமுதினிப் படகில் நடந்ததை மறக்காத தாய்மார் நெடுந்தீவில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நள்ளிரவில் கடலில் ஏறுவதும் யாரிடம் உதவி கேட்பது என்பதும் சின்ன விடயமல்ல. அந்தத் தயக்கமும் நிமிடக் கணக்கில் சேர்கிறது.

கர்ப்பிணிகள் பலர் நாள் நெருங்க முன்னரே நகரத்தில் உறவினர் வீட்டில் வந்து நிற்கிறார்கள். மிக நல்ல வழக்கம். உறவினர் இல்லாதவர்கள் என்ன செய்வது? கியூபாவில் 1962இலிருந்து தூர இடத்துக் கர்ப்பிணிகள் பேறு வரை வந்து தங்குவதற்கு வைத்தியசாலைக்குக் கிட்ட வீடுகள் நடத்துகிறார்கள். அப்படி ஒன்று, மூத்த பிள்ளையையும் கூட வைத்திருக்கக்கூடிய மாதிரி, எங்களுக்கும் வேண்டுமென்று கேட்பது நியாயம்தான்.

கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டும். ஒவ்வொரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் ஒரு கொப்பி வாங்குங்கள். அவசரமாக யாரையும் ஏற்றினால், தப்பினாலும் இறந்தாலும், ஐந்து நேரத்தை எழுதுங்கள்: நோய் தொடங்கியது, போவதென்று முடிவெடுத்தது, படகு வெளிக்கிட்டது, கரைக்கு வந்தது, வைத்தியர் பார்த்தது. பெயர் எழுத வேண்டாம், வயதும் நோயும் போதும். தாமதம் ஏன் என்று ஒரு வரி: 'பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை', 'காற்று', 'படகுக்காரர் இல்லை'. வீட்டில் ஒருவர் இறந்தால் கிராம அலுவலரின் அறிக்கைக்குப் போகும்போது அவருடைய கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டுகளையும் கொண்டுபோங்கள். 'முதுமை', 'காய்ச்சல்' என்று பதிவதைவிட உண்மையான நோய் பதியப்படட்டும். நகரத்து வைத்தியசாலையில் இறந்தால் வதிவிடம் கேட்கும்போது தற்காலிகமாக நின்ற வீட்டைச் சொல்லாமல் தீவின் விலாசத்தைச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கொப்பியைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். காற்றுக்காலம் தொடங்க முன்னர் ஆரம்பித்தால் நல்லது. அந்த மாதங்களில்தான் கொப்பி வேகமாக நிறையும்.