டோக்கியோவில் மடிக்கணினி, கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு?

விம்கோ நகர் என்ற பெயரிலேயே ஒரு பொருளாதாரப் பாடம் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியச் சந்தையில் குவிந்தவை ஜப்பானியத் தீப்பெட்டிகள். 1922-இல் இறக்குமதி வரி உயர்த்தப்பட்டதும், அந்த வரிச் சுவரைத் தாண்ட, ஸ்வீடன் முதலாளிகள் இந்தியாவிலேயே ஆலை அமைக்கத் தலைப்பட்டனர். 1923-இல் உருவான வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கமே விம்கோ. திருவொற்றியூரில் அதன் ஆலை எழுந்தது. பெயர் ஊருக்கு நிலைத்தது. முதலீட்டுக்கு எல்லை ஒரு பொருட்டே அல்ல.

இணையம் வந்தபின் உழைப்பும் எல்லை கடக்கிறது. டோக்கியோவில் காலை 9 மணி என்றால் இங்கே 5.30. விம்கோ நகர் வீட்டிலிருந்தே ஓர் இளைஞர் ஜப்பானிய நிறுவனத்துக்கு வேலை செய்துவிட முடியும். ஆனால் அவரே, சென்னை நிறுவனத்தின் வேலையை ஆறு மாதம் டோக்கியோவிலோ ஒசாகாவிலோ தங்கிச் செய்ய விரும்பினால் கதவு அடைபடுகிறது.

இத்தகைய தொலைநிலைப் பணியாளர்களுக்கென்றே 2024 மார்ச் இறுதியில் ஜப்பான் தனி விசா ஒன்றை அறிமுகப்படுத்தியது. ஆண்டு வருமானம் ஒரு கோடி யென் இருக்க வேண்டும். நம் பணத்தில் ஏறத்தாழ 55 முதல் 60 லட்சம் ரூபாய். மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதத்துக்குமேல் நீட்டிப்பு கிடையாது. வசிப்பிட அட்டையும் தரப்படுவதில்லை என்பதால், முறையான குத்தகைக்கு வீடு பிடிப்பதுகூட எளிதன்று. விருந்தினர் சம்பாதிப்பது வெளிநாட்டில், செலவிடுவது ஜப்பானில். கெட்டிக்காரத்தனமான கணக்குதான்.

இவற்றில் எதுவும் நமக்குத் தடையன்று. தடை, தகுதியுள்ள 49 நாடுகள், பகுதிகளின் பட்டியல். ஜப்பானுடன் வரி ஒப்பந்தம், குறுகிய காலப் பயணத்துக்கு விசா விலக்கு ஆகிய இரண்டும் உள்ளவையே அதில் இடம்பெறும். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் நமக்கு 1989 முதலே இருக்கிறது. விசா விலக்கு இல்லை.

வரி ஒப்பந்த நிபந்தனைக்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. இத்தகைய ஒப்பந்தங்கள் பலவற்றில் உள்ள 183 நாள் விதியோடு இந்த ஆறு மாத வரம்பு பொருந்துகிறது. விசா விலக்கு நிபந்தனைக்கு அப்படியொரு காரணம் எனக்குப் புலப்படவில்லை. காலம் கடந்து தங்கிவிடுவார்கள் என்ற அச்சமா? ஒரு கோடி யென் ஈட்டுபவரிடம் அந்த அச்சம் தேவையற்றது. வருமான வரம்பே போதுமான சல்லடை.

2025 ஆகஸ்டில் பிரதமரின் டோக்கியோ பயணத்தின்போது வெளியான திட்டப்படி, ஐந்தாண்டுகளில் இந்தியாவிலிருந்து 50,000 திறன் பெற்ற, பகுதித் திறன் பெற்ற பணியாளர்கள் ஜப்பான் செல்ல வேண்டும். மூப்படையும் அந்நாட்டுக்கு ஆட்கள் தேவை. அங்குள்ள முதலாளியின்கீழ் வேலை செய்வோராக நாம் வேண்டும். தம் வேலையைத் தாமே சுமந்து செல்பவர்களாக மட்டும் வேண்டாமா?

இந்தச் சலுகையால் விம்கோ நகரில் பயனடைவோர் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கலாம். ஆயினும், வருமானத்தை விட்டுவிட்டுக் கடவுச்சீட்டை எடைபோடும் விதியை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. 50,000 பேரை அனுப்புவது குறித்துப் பேசும் மேசையிலேயே, வரி ஒப்பந்தம் ஒன்றே போதும் என்ற திருத்தத்தையும் தில்லி கேட்கலாம். ஜப்பானுக்கு அதனால் ஒரு யென்கூட இழப்பில்லை.