நமுத்துப் போச்சு ஸார்!

ஐப்பசி பிறந்துவிட்டால் உத்திரமேரூர் பக்கம் ஒரு வார்த்தை அதிகமாகப் புழங்கும். 'நமுத்துப் போச்சு!' அப்பளம் நமுத்துப் போச்சு. முறுக்கு நமுத்துப் போச்சு. தீப்பெட்டி நமுத்துப் போச்சு. காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நிற்கிறவர் சட்டைப் பையிலிருந்து பீடி ஒன்றை எடுத்துப் பற்ற வைத்து, இரண்டு இழுப்பு இழுத்து, அதை முறைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போடுவார். அதுவும் அதே கேஸ்தான்.

பொது இடத்தில் புகை பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்று 2008 அக்டோபர் 2-ம் தேதியிலிருந்து சட்டம் இருக்கிறது. சட்டத்தால் முடியாததை மூன்று மாத மழை செய்துவிடுகிறது.

புகையிலை ஓர் உப்பு ஜாடி மாதிரி. காற்றில் ஈரம் இருந்தால் உறிஞ்சிக்கொள்ளும். வெயில் அடித்தால் விட்டுவிடும். எங்கள் ஊர்ப் பக்கமோ, பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் என்று பெயர் வைத்து வெட்டின பெரிய ஏரி. வடகிழக்குப் பருவமழையில் அது நிரம்பினால் காற்றைப் பிழிந்தே ஒரு குடம் தண்ணீர் எடுக்கலாம் போலிருக்கும். பெட்டிக்கடைக்காரர் பாடு திண்டாட்டம். பீடிக் கட்டுகளைப் பிஸ்கெட் டின்னில் போட்டு மூடி, டின்னைக் குண்டு பல்புக்கு அடியில் வைப்பார். எல்.இ.டி. வந்த பிறகு அந்தச் சூடும் போச்சு. 'கரண்டு மிச்சம்தான், பீடி நாசம்' என்று ஒரு கடைக்காரர் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

வாடிக்கையாளர்களுக்கும் வைத்தியம் தெரியும். பீடியைக் காதோரம் சொருகி உடம்புச் சூட்டில் வைப்பது ஒன்று. இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி, வாயில் வைத்துத் திருப்பி ஊதுவது இன்னொன்று. டீக்கடை பாய்லர் மேல் வரிசையாக அடுக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். டீ மாஸ்டர் நல்லவராக இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பீடி இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதமாக்கித்தான் வெட்டுகிறார்கள், சுருட்டுகிறார்கள். அப்புறம் கட்டு கட்டிச் சூட்டில் காய வைத்துத்தான் லேபிள் ஒட்டுகிறார்கள். நனைத்ததைக் காய வைத்து, காய்ந்தது நனைந்து, மறுபடி காய வைத்து... புகையிலையின் ஜாதகமே அப்படி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பைப்!

உத்திரமேரூர் பக்கத்தில் பைப்பா என்று சிரிக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். தெருவுக்கே மிலிட்டரி மாமா. வட எல்லைக் குளிரில் ஓர் அதிகாரி பழக்கிவிட்ட பைப்பாம். மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போதெல்லாம் தகர டப்பாவில் பைப் புகையிலை கொண்டு வருவார். மாமா டப்பாவைத் திறந்தால் திராட்சையும் கருப்பட்டியும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். ஆனால் உடனே பைப்பில் அடைக்க மாட்டார். தினசரிப் பேப்பரை மடித்து, எவர்சில்வர் தட்டில் விரித்து, வேண்டிய அளவு புகையிலையை உதிர்த்துப் போட்டு, திண்ணை நிழலில் ஒரு மணி நேரம் காய வைப்பார். நேர் வெயிலில் வைத்தால் வாசனை ஓடிவிடும் என்பது அவர் கட்சி. மழை நாளில் இரண்டு மணி நேரம். வத்தலைக் காக்கைக்குக் காவல் காக்கிற மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

"எதுக்கு மாமா இவ்வளவு பாடு?"

"ஈரமா இருந்தா நாக்கு வெந்துடும், மாப்ளே."

உண்மைதான். டப்பாவில் வரும் பைப் புகையிலை பெரும்பாலும் ஈரமாகவே வரும். வழியில் நொறுங்கக் கூடாது, வாசனை நிற்க வேண்டும் என்று ஈரத்தைப் பிடித்து வைக்கும் கிளிசரின் மாதிரி சரக்குகளையும் சேர்ப்பதுண்டு. அதை அப்படியே பற்ற வைத்தால் நெருப்பின் சூடு முதலில் தண்ணீரை ஆவியாக்கத்தான் செலவாகும். அணைந்து அணைந்து போகும். விடாமல் இழுத்தால் சூடு ஏறும். ஆவி குழாய் வழியாக நேரே நாக்குக்கு வரும். அடியில் தண்ணீர் கட்டி, ஹூக்கா மாதிரி 'குளுகுளு' என்று சத்தம் போடும். அதற்காக ஒரேயடியாகக் காய்ந்தாலும் வம்புதான். வைக்கோல் மாதிரி பரபரவென்று எரிந்துவிடும்.

பதம் பார்க்க மாமாவிடம் மீட்டர் கிடையாது. ஒரு சிட்டிகை எடுத்து விரலால் அழுத்துவார். உருண்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம். பொடியாக உதிர்ந்தால் போச்சு. அழுத்திவிட்டவுடன் மெல்லத் தானாக விரிந்தால் சரியான பதம். அதிரசத்துக்குப் பாகு பார்க்கிற மாதிரி. பைப் பிரியர்கள் இதற்கு 12-லிருந்து 14 சதவீத ஈரம் என்று கணக்குச் சொல்வார்கள்.

கணக்கு என்றதும் எனக்குள் இருக்கிற பி.காம். எழுந்துகொண்டான். 50 கிராம் டப்பா. 20 சதவீத ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 10 கிராம், சரக்கு 40. அதை 13 சதவீதத்துக்குக் காய வைத்தால் மொத்த எடை 46 கிராம். ஆக, 4 கிராம் தண்ணீருக்குக் காசு கொடுத்துக் கடல் தாண்டிக் கொண்டு வந்து, திண்ணையில் ஆவியாக விடுகிறோம். அதே தெருவில் இருக்கிற விவசாயி நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நிறுத்திவிடுவார்கள். மழை வருஷங்களில் மத்திய அரசு மனசு வைத்துக் கொஞ்சம் தளர்த்தினால் உண்டு. அவர் தார் ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காலால் கிளறிக்கொண்டிருப்பார். விளைவிக்கிறவன் தண்ணீரை விற்கக் கூடாது. டப்பாக்காரன் விற்கலாம். நல்ல நியாயம்!

மாமாவுக்கு இந்த விஷயத்தில் பெரிய கூட்டாளி ஒருவர் உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ்! 1892-ல் வந்த 'இஞ்சினியரின் கட்டை விரல்' கதையில், முந்தின நாள் பைப்பில் மிஞ்சிய துண்டு துணுக்கையெல்லாம் ஹோம்ஸ் கணப்பு மேடை மூலையில் சேர்த்துக் காய வைத்து, மறுநாள் காலை டிபனுக்கு முன்னால் பிடிக்கிறார். லண்டன் துப்பறிவாளருக்கே அந்தக் கஞ்சத்தனம். 1887-ல் வந்த அவருடைய முதல் கதையில் கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, 'இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு' என்று கண்டுபிடிக்கிறார். உறையூர்ச் சுருட்டுக்கு அப்போது அவ்வளவு பேர். சர்ச்சில்கூட அதற்கு ரசிகர் என்று திருச்சிக்காரர்கள் இன்றைக்கும் காலரைத் தூக்கி விட்டுக்கொள்கிறார்கள். நம் பக்கம் சுருட்டு முனீஸ்வரனுக்குப் படையலோடு சரி. நமுத்த சுருட்டை வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று அதையும் அடுப்படியில் சூடு காட்டி எடுத்துப் போகிறவர்கள் உண்டு.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919, 921-ம் வருஷத்தவை. வாரியத்துக்கு நிற்பவருக்கு வயது 35-லிருந்து 70, சொந்த மனையில் வீடு, வரி கட்டும் நிலம், கணக்குக் காட்டாதவன் கூடாது என்று ஏகப்பட்ட கண்டிஷன். 'புகை பிடிக்கிறவன் கூடாது' என்று மட்டும் இல்லை. காரணம் தாராள மனசு இல்லை ஸார், புகையிலையே அப்போது இந்தியாவில் கிடையாது. போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்து இறக்க இன்னும் 600 வருஷத்துக்கு மேல் இருந்தது.

வந்த பிறகுதான் என்ன வேகம்! திண்டுக்கல், வேதாரண்யம், ஈரோடு என்று பரவியது. வேடசந்தூரில் புகையிலைக்கென்றே அரசு ஆராய்ச்சி நிலையம் வந்தது. யாழ்ப்பாணத்தில் தேங்காய் மட்டைப் புகையில் பதப்படுத்தி, திருவிதாங்கூருக்குக் கப்பலேற்றினார்கள். எல்லா இடத்திலும் வேலை ஒன்றுதான்: ஈரத்தை எப்போது விடுவது, எவ்வளவு விடுவது.

இந்த ஈரத்துக்கு ஒரு பொல்லாத முகமும் உண்டு. பனியிலோ மழையிலோ நனைந்த பச்சைப் புகையிலையை வெறுங்கையால் ஒடிக்கிற கூலியாட்களுக்கு வாந்தி, தலைசுற்றல் வரும். நிகோடின் அந்த ஈரத்தில் கரைந்து தோல் வழியே உள்ளே போய்விடுகிறது. ஒரு பீடிகூடப் பிடிக்காத ஆளுக்கும் வரும்.

இதைக் கேட்டுவிட்டு, 'அப்ப காய வச்சுப் பிடிச்சா விஷம் போயிடும்ல?' என்று ஆபீஸில் ஒரு நண்பர் கேட்டார். போகாது. திண்ணை நிழலில் போவது தண்ணீர் மட்டும். நிகோடின் கொதிப்பதற்கே 247 டிகிரி வேண்டும். புற்றுநோய் உண்டாக்குகிற சரக்கில் கொஞ்சம் இலையைப் பதப்படுத்தும்போதே உண்டாகிவிடுகிறது, மீதி எரியும்போது உண்டாகிறது. 'பைப் புகையை உள்ளே இழுக்கிறதில்லையே' என்பதும் அரைக்கிணறு தாண்டுகிற கதை. அந்தப் புகை வாய்த் தோல் வழியாகவே நிகோடினை ஏற்றிவிடும். நுரையீரல் கொஞ்சம் தப்பினாலும் உதடு, நாக்கு, தொண்டை மாட்டிக்கொள்ளும்.

நம் ஜில்லாக்காரர்களுக்கு இதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவுக்குப் பொடி, புகையிலைப் பழக்கம் உண்டு. உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது. 1968-ல் நியூயார்க் வரை போய் வைத்தியம் பார்த்தும், 1969 பிப்ரவரி 3-ம் தேதி போய்விட்டார். முதலமைச்சராகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை. வயது 59. இன்றைக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இருக்கிற அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான்.

மிலிட்டரி மாமாவுக்குப் போன வருஷம் நாக்கின் ஓரத்தில் எரிச்சல். ஈரம் மாப்ளே, இந்த டப்பா சரியில்லை என்றார். ஒரு மணி நேரக் காய்ச்சல் இரண்டு மணி நேரம் ஆயிற்று. எரிச்சல் போகவில்லை. மூன்று மணி நேரம். பேப்பரை மாற்றினார், தட்டை மாற்றினார், பைப்பைக்கூட மாற்றினார். நாலு மாதம் இப்படியே போயிற்று. பல்லு வலி என்று வேறு காரணத்துக்காகக் காஞ்சிபுரத்தில் ஒரு பல் டாக்டரிடம் போனபோது, அவர் பல்லை விட்டுவிட்டு நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஓரத்தில் வெள்ளையாக ஒரு படை. தேய்த்தால் போகாத வெள்ளை.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஈரப் புகையிலைங்க டாக்டர்..."

"புகையிலைதான். ஈரத்தை விடுங்க."

ஒரு சின்னத் துணுக்கு வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வருகிற வரை பத்து நாள் அத்தை யாரோடும் பேசவில்லை. வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டால் ஆகக்கூடியது என்று எழுதியிருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ படையோ வாயில் இருந்தால் உடனே வந்திருக்க வேண்டும், ஈரம் காரம் என்று காரணம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்று டாக்டர் அரை மணி நேரம் சத்தம் போட்டிருக்கிறார். கார்கில் குளிரைத் தாங்கின மனுஷர், பேசாமல் நின்று கேட்டுக்கொண்டு வந்தார்.

பைப் இப்போது ஷோகேஸில், மெடல்களுக்குப் பக்கத்தில். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நாக்கைக் காட்டிவிட்டு வருகிறார். பழக்கத்தை விட்டது எப்படி என்று கேட்டால் மட்டும் எரிந்து விழுகிறார், அது சுலபமாக இல்லை போலிருக்கிறது.

திண்ணையில் தட்டும் பேப்பரும் அப்படியேதான் இருக்கின்றன. அதில் அத்தையின் மோர் மிளகாய் காய்கிறது. மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வெயில் வேணும்" என்கிறார்.