மரத்தடியில் கேரவனை நிறுத்தாதீங்க

1/9
ஈஸ்டர் லீவு வருது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம்ம மக்கள் பலர் முர்ரே நதிக்கரைக்குக் கிளம்பத் தயாரா இருப்பீங்க. ஊர்ல கேரவன்னா சினிமா நடிகர்கள் வண்டி. இங்கே காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற குட்டி வீடு. கிளம்பும் முன் ஒரு டாக்டரா சில விஷயம் சொல்லிடறேன்.

2/9
முர்ரே 2,508 கி.மீ. நீள ஆறு. எச்சூக்கா, கோப்ரம், டோகம்வால் பக்கம் வளைவுக்கு வளைவு மணல் திட்டு. பல இடங்களில் தங்க வாடகை கிடையாது. கரண்ட், குடிதண்ணி, டாய்லெட்டும் கிடையாது. நான் இதுக்கு எதிரி இல்லை, நானும் போறவன்தான். ஆனா நம்ம ஊர் ஆற்றங்கரைப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டு வராதீங்க.

3/9
முதல்ல மரம். ஊர்ல ஆற்றங்கரைன்னா மர நிழல்தான். இங்கே கரையெல்லாம் நிற்பது ரிவர் ரெட் கம், தைலமர இனம். காற்றே இல்லாத வெயில் நாளிலும் பெரிய கிளை திடீர்னு முறிஞ்சு விழும். போன கிறிஸ்துமஸ் லீவுல அப்பா நிழல்ல நாற்காலி போட்டார். "எழுந்திருங்கப்பா"ன்னு சொன்னதுக்கு ஒரு நாள் முழுக்கப் பேசலை. மறுநாள் மதியம் அதே இடத்தில் கிளை கிடந்தது.

4/9
பாம்பு. "கடிச்ச இடத்துல இறுக்கிக் கட்டாதீங்க"ன்னு ஊர்ல சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போனோம். கண்ணாடிவிரியன் இருக்கிற ஊருக்கு அது சரி. ஆஸ்திரேலியப் பாம்புகளுக்கு முதலுதவி வேற. அகலமான எலாஸ்டிக் பேண்டேஜை கடிவாயில் தொடங்கி கை, கால் முழுக்கச் சுற்றணும். சுளுக்குக்குக் கட்டுற அழுத்தம் போதும், ரத்த ஓட்டம் நிற்கக் கூடாது. குச்சி வெச்சு அசையாம கட்டுங்க. கடிபட்டவர் ஒரு அடி கூட நடக்கக் கூடாது. கடிவாயைக் கழுவாதீங்க.

5/9
தண்ணி. "கொதிக்க வெச்சா எல்லாம் சரியாயிடும்" என்பது இங்கே செல்லாது. நீலப்பச்சைப் பாசி படர்ந்த தண்ணியில் உள்ள நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. குடிதண்ணி வீட்டிலிருந்தே எடுத்துட்டுப் போங்க. பச்சை பெயிண்ட் ஊத்தின மாதிரி இருந்தா குளிக்கவும் வேண்டாம்.

6/9
"கிணத்துல நீச்சல் கத்துக்கிட்டவன்டா நான்"னு குதிக்காதீங்க. மேலே சாதுவா நகரும் ஆறு, அடியில் இழுவையும் மூழ்கின மரக்கட்டைகளும். குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். குடிச்சிட்டு யாருமே இறங்கக் கூடாது.

7/9
கொசு. 2022-ல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்த நதிப் பகுதிக்கும் வந்துவிட்டது. அதுக்குத் தடுப்பூசி உண்டு, உங்க ஜிபி-யிடம் கேளுங்க. முர்ரே பள்ளத்தாக்கு மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இல்லை. அந்தி சாயும்போது முழுக்கை சட்டை, தோலில் கொசு விரட்டி. சுருள் மட்டும் போதாது.

8/9
ஈஸ்டர் சமயம் ராத்திரி குளிரும். கரி அடுப்பை கேரவனுக்குள்ளேயோ டென்ட்டுக்குள்ளேயோ கொண்டு போகவே போகாதீங்க. அணைஞ்ச மாதிரி இருக்கும் கரியிலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு வாசனை கிடையாது. தூங்குறவங்க எழுந்திருக்க மாட்டாங்க.

9/9
வாடகை இல்லாத இடத்துக்கும் ஒரு விலை உண்டு: ஆஸ்பத்திரி தூரம். பக்கத்து எமர்ஜென்சி எங்கே, போனில் சிக்னல் எங்கே கிடைக்கும்னு போனதுமே பாருங்க. அவசர எண் 000, குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்க.

அப்பா இந்த முறையும் வர்றார். பெரிய குடை ஒண்ணு வாங்கி வைக்கச் சொல்லியிருக்கார். நல்லபடியா போயிட்டு வாங்க.