லோட்டஸ் இலான்: துருப்பிடிக்காத காரின் துரு

காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1962-ல் இங்கிலாந்தில் அறிமுகப்படுத்திய இலான், எஃகு முதுகெலும்புச் சட்டத்தின் மேல் கண்ணாடியிழை உடல் பொருத்திய ஸ்போர்ட்ஸ் கார். எடை 700 கிலோவுக்கும் குறைவு. கண்ணாடியிழை துருப்பிடிக்காது என்று நம்பி வாங்குபவர், உள்ளே ஒளிந்திருக்கும் எஃகை மறந்துவிடுகிறார். மேலெழும் முகப்பு விளக்குகளை இயக்குவது இன்ஜின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம். அதைச் சேமித்து வைக்கும் தொட்டியோ சட்டத்தின் முன்பக்கக் குறுக்குப் பகுதியேதான். அங்கே துரு அரித்து ஓட்டை விழுந்தால், தொடக்ககால மாடல்களில் ஓட்டத்திலேயே விளக்குகள் இமை மூடிவிடும். பின்சக்கரத் தண்டுகளின் ரப்பர் இணைப்புகளிலும் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அரித்த சட்டத்துக்கு ஒட்டுப்போடுவதைவிட, உடலைக் கழற்றி, துத்தநாகம் பூசிய புதுச் சட்டத்தில் ஏற்றுவதே புத்திசாலித்தனம். அசல் சட்டம் போய்விட்டதே என்பது காரை ஓட்டாமல் மூடிவைப்பவர்களின் கவலை.