ஊசியில் ஏறியதன் பெயரைக் கேட்டு வாங்கி வையுங்கள்



நாங்கள் உயிருள்ள செல்களை ஒளியின் உதவியால் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். எங்களில் ஆய்வு மாணவர்கள் இருக்கிறார்கள், நுண்ணோக்கிக் கூடங்களைப் பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள், மருந்தாளுநர்களும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நானோ துகள்கள் ஒரு செல்லுக்குள் நுழைவதை நாள்தோறும் திரையில் பார்க்கிறோம். அத்தகைய துகள்களால் ஆன மருந்துகளும், படமெடுக்கப் போடும் ஊசிகளும் மெல்ல மெல்ல மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அதனால் உங்களிடம் ஒன்றைக் கேட்கிறோம். உங்கள் உடலுக்குள் எது செலுத்தப்பட்டது என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள். தேதியோடு எழுதி, முப்பது வருடம் கழித்தும் தேடி எடுக்க முடிகிற இடத்தில் வையுங்கள்.

முப்பது வருடம் என்று கணக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பாவில் தோரோட்ராஸ்ட் என்ற திரவம் விற்பனைக்கு வந்தது. தோரியம் டை ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்கள் அதில் மிதந்தன. ஒரு துகளின் அளவு சில நானோமீட்டர். இரத்தக் குழாயில் அதைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால், மூளையின் குழாய்கள் மரக்கிளைபோல அத்தனை தெளிவாகத் தெரிந்தன. மூளை இரத்தக் குழாய்ப் படத்துக்கு வழிகண்ட போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் இதைப் பயன்படுத்தினார். ஊசி போட்டுக்கொண்டவருக்கு எரிச்சல் இல்லை, குமட்டல் இல்லை. அதற்கு முன்பிருந்த மருந்துகள் தந்த தொல்லைகளோடு ஒப்பிட்டால் அது வரப்பிரசாதமாகத் தெரிந்தது. தோரியம் கதிர்வீச்சை உமிழும் என்பது அன்றைக்கே தெரியும், எச்சரித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் நோயாளி எழுந்து நடந்து வீட்டுக்குப் போவதைக் கண்ணால் கண்டவர்களுக்கு அந்த எச்சரிக்கை உறைக்கவில்லை. 1950-கள் வரை உலகம் முழுவதும் இலட்சக்கணக்கானோருக்கு அது போடப்பட்டது.

கல்லீரலில் கூஃபர் செல்கள் என்று காவல்கார செல்கள் இருக்கின்றன. இரத்தத்தில் வரும் அந்நியத் துகள்களைப் பிடித்து விழுங்குவது அவற்றின் வேலை. தோரியம் துகள்களையும் விழுங்கின. விழுங்கியதைச் செரிக்கவும் முடியவில்லை, வெளியே தள்ளவும் முடியவில்லை. செலுத்தியதில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மச்சையிலும் தங்கி, ஆயுள் முழுவதும் கதிர்வீச்சை உமிழ்ந்துகொண்டே இருந்தது. தோரோட்ராஸ்டை அடுத்து வந்த கல்லீரல் புற்று பற்றிய மருத்துவக் கட்டுரை 1947-இல் வெளியானது. பெரும்பாலானவர்களுக்கு நோய் தலைகாட்ட இருபது, முப்பது ஆண்டுகள் ஆயின. படத்தை எடுத்த மருத்துவர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார். ஊசி போட்டுக்கொண்ட நினைவே நோயாளிக்கு மங்கியிருக்கும்.

அப்படியானால் ஊசிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு எப்படி வெளிப்பட்டது? காகிதத்தால். ஜெர்மனி, டென்மார்க், போர்ச்சுகல், ஜப்பான் ஆகிய நாடுகளில் சில மருத்துவமனைகள் யாருக்கு எந்த ஊசி போட்டோம் என்ற பதிவேடுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தன. டென்மார்க்கில் அப்படிச் சுமார் ஆயிரம் பேரைப் பெயர் பெயராகத் தேடிப் பிடித்து, பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கதிர்வீச்சு கல்லீரலை என்ன செய்யும் என்று மருத்துவ உலகம் இன்று அறிந்திருப்பதில் கணிசமான பங்கு அந்தப் பதிவேடுகளிலிருந்து வந்தது.

அங்கே கொன்றது கதிர்வீச்சு. இன்றைய நானோ மருந்துகளில் தோரியம் இல்லை, இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்த நாங்கள் விரும்பவில்லை. ஆனால் உள்ளே போன துகள் வெளியேறாமல் தங்கிவிடுவது தோரியத்துக்கு மட்டும் உரிய குணம் இல்லை. எங்கள் கவலை அந்தத் தங்குதலைப் பற்றியது.

எங்கள் வேலையைக் கொஞ்சம் விவரித்தால் இது விளங்கும். செல்லை ஃபார்மலினில் பதப்படுத்திச் சாயமேற்றிப் பார்ப்பது பழைய வழி. நன்றாகத் தெரியும், ஆனால் அது செத்த செல். உயிரோடு பார்க்க வேண்டுமானால் 37 பாகை செல்சியஸ் வெப்பம், 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்த ஈரக்காற்று என்று உடலுக்குள் இருக்கும் சூழலை ஒரு சின்னப் பெட்டிக்குள் உண்டாக்க வேண்டும். படமெடுக்கப் பாய்ச்சும் ஒளியே செல்லைக் கொன்றுவிடலாம், குறிப்பாக நீல ஒளியும் புற ஊதா ஒளியும். குழந்தை தூங்கும் அறையில் விளக்கைப் போடாமல் தொட்டிலை எட்டிப் பார்க்கிற தாயைப்போல, சில நிமிடங்களுக்கு ஒருமுறை, மிகக் குறைந்த ஒளியில், ஒரு படம் எடுப்போம். ஜப்பானிய வேதியியலாளர் ஒசாமு ஷிமோமுரா ஜெல்லி மீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிர் புரதம் இந்தத் துறையையே மாற்றியது. 2008-இன் வேதியியல் நோபலை அவரோடு மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோர் பகிர்ந்துகொண்டார்கள்.

இப்படிப் பார்க்கும்போது திரையில் தெரிவது இது: துகள் செல்லின் சவ்வைத் தொடுகிறது. சவ்வு குழிகிறது, குழி மூடிப் பையாகிறது, பை உள்ளே நகர்ந்து லைசோசோம் என்ற அமிலப் பையோடு கலக்கிறது. துகளின் மேலுறை அரிபடத் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். முதன்முறை பார்க்கிற மாணவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் எவ்வளவு நேரம் பார்க்கிறோம்? 24 மணி நேரம். 48. மிஞ்சினால் 72. அதற்குள் தட்டில் செல்கள் பெருகி நெருக்கியடிக்கத் தொடங்கிவிடும். ஆய்வுக்கான நிதி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும், ஆய்வு மாணவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார். ஊசியில் ஏறிய துகளுக்கு அப்படியொரு கெடு கிடையாது.

குவாண்டம் புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். காட்மியம் செலினைடு போன்றவற்றின் மிகச் சிறு படிகங்கள் இவை. படிகத்தின் அளவை மாற்றினாலே ஒளிரும் நிறம் மாறும். சிறியது நீலத்தின் பக்கம், பெரியது சிவப்பின் பக்கம். 1998-இல் அமெரிக்காவின் இரு குழுக்கள் இவற்றை உயிரியல் அடையாளமாகப் பயன்படுத்திக் காட்டின. இவற்றைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக மௌங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்சி எக்கிமோவ் மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. சாதாரணச் சாயம் நுண்ணோக்கியின் ஒளியில் சீக்கிரமே வெளிறிவிடும். இவை நெடுநேரம் ஒளிரும். எங்களுக்கு இவற்றின்மேல் பிரியம் வந்ததில் வியப்பில்லை.

ஆனால் காட்மியம் எப்படிப்பட்ட உலோகம் என்பதை ஜப்பானின் டோயாமா மாவட்டத்து மக்கள் அறிவார்கள். ஜின்சு ஆற்றில் கலந்த சுரங்கக் கழிவு நெல் வயலுக்குப் பாய்ந்து, சோற்றின் வழியே உடலில் ஏறி, சிறுநீரகத்தைக் கெடுத்து எலும்பை நொறுக்கியது. அந்த நோய்க்கு மக்கள் வைத்த பெயர் ‘இத்தாய் இத்தாய்’. நம் மொழியில் சொன்னால் ‘வலிக்குதே வலிக்குதே’. ஜப்பான் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது 1968-இல்.

2004-இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் காட்மியம் குவாண்டம் புள்ளிகளைக் கல்லீரல் செல்களில் சோதித்தார்கள். காற்றோ புற ஊதா ஒளியோ பட்ட புள்ளிகளிலிருந்து காட்மியம் கசிந்து செல்களைக் கொன்றது. துத்தநாக சல்ஃபைடு உறை போட்டபோது கசிவு வெகுவாகக் குறைந்தது, ஆனாலும் அடியோடு நிற்கவில்லை. 2012-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், உறையிட்ட புள்ளிகளைக் குரங்குகளுக்கு ஊசியில் செலுத்தி 90 நாட்கள் கவனித்தார்கள். குரங்குகள் தின்றன, விளையாடின, இரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. ஆனால் செலுத்திய காட்மியத்தில் பெரும்பகுதி 90 நாட்களுக்குப் பிறகும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் இருந்தது. ‘உடனடிப் பாதிப்பு இல்லை’ என்பதும் ‘வெளியேறவில்லை’ என்பதும் ஒரே கட்டுரையில் இருக்கின்றன. முதல் செய்தி மட்டும் பேசப்பட்டு இரண்டாவது மறக்கப்படுமோ என்பதுதான் எங்கள் பயம்.

வெளியேறுகிற துகளையும் வடிவமைக்கலாம். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்குக் கையில் மஞ்சள் சாய ஊசி போட்டுக் கண்ணைப் படமெடுப்பார்கள். அன்று சிறுநீர் மஞ்சளாகப் போகும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஃபுளோரசின் என்ற அந்தச் சாயம் சின்ன மூலக்கூறு; வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகிறது. நானோ துகளையும் அப்படிப் போகவைக்க முடியுமா என்று பார்த்த ஆய்வாளர்கள், ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்குள் இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி அனுப்பிவிடும் என்று 2007-இல் காட்டினார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான ஒளிரும் சிலிக்கா துகள்களை மனிதர்களிடம் சோதிக்க 2011-இல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதித்தது. முதல் சோதனை ஐந்தே புற்றுநோயாளிகளிடம் நடந்தது. துகள் எவ்வளவு, எந்த வழியாக வெளியேறுகிறது என்பது அதில் அளக்கப்பட்டது. இப்படிப்பட்ட நிதானமான வேலைக்குக் கைதட்டல் குறைவு. எங்கள் மதிப்பில் இதுதான் முதல் வரிசை அறிவியல்.

பாதுகாப்பைச் சோதிக்கும் முறையையே துகள்கள் குழப்பிவிடுவதும் உண்டு. செல் உயிரோடு இருக்கிறதா என்று நிறம் மாறுவதை வைத்து அறியும் பரிசோதனைகள் ஆய்வுக்கூடங்களில் சகஜம். 2006-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கார்பன் நானோ குழாய்களை அப்படிச் சோதித்தபோது, ஒரு முறையில் செல்கள் சாவதாகத் தெரிந்தது, மற்றொரு முறையில் நன்றாக இருப்பதாகத் தெரிந்தது. முதல் முறையில் உண்டான நிறப்பொருளைக் குழாய்கள் பிடித்து வைத்துக்கொண்டதுதான் காரணம். நஞ்சில்லாததை நஞ்சென்றும், நஞ்சை நஞ்சில்லை என்றும் தவறாகப் படித்துவிட இடமுண்டு. அதனால்தான் செல்லை நேரில், உயிரோடு, முடிந்தால் சாயமே இல்லாமல் பார்க்க வேண்டும் என்கிறோம். அதற்குக் கைகொடுக்கும் முறைகளில் ஒன்று ராமன் நிறமாலை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ராமன் 1928-இல் கண்ட அந்த விளைவைக் கொண்டு, செல்லுக்குள் எந்த வேதிப்பொருள் எங்கே இருக்கிறது என்று சாயமில்லாமலே காண முடிகிறது.

இந்த வேண்டுகோளைப் படித்துவிட்டு யாரும் சிகிச்சையை மறுத்துவிடக் கூடாது. நானோ என்பது ஒரு அளவு, அவ்வளவே. கொழுப்பால் ஆன துகள் வேறு, உலோகத் துகள் வேறு. புற்றுநோய் மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துத் தரும் முறை 1995-இலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது, இதயத்துக்கு நேரும் கேட்டை அது குறைத்திருக்கிறது. கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளிலும் கொழுப்புத் துகள்கள்தான் இருந்தன. மருத்துவர் எழுதிய மருந்தைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பெயரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர் ஏன் வேண்டும் என்பதற்கு நம் காலத்திலேயே சாட்சி இருக்கிறது. ஃபெருமாக்சிடால் என்ற இரும்பு நானோ மருந்து, சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்காக 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்து புழக்கத்துக்கு வந்தபின் கடும் ஒவ்வாமையும் சில மரணங்களும் தெரிவிக்கப்பட்டன. 2015-இல் மருந்துத் துறை எச்சரிக்கையை மிகக் கடுமையான நிலைக்கு உயர்த்தி, ஊசி போடும் முறையையும் மாற்றச் சொன்னது. யாருக்கு எந்த மருந்து போட்டபின் என்ன நேர்ந்தது என்று எழுதி அனுப்பியவர்களால் நடந்தது அது.

எங்களில் ஒருவரின் தாயார் சில ஆண்டுகளுக்கு முன் ஸ்கேன் எடுத்துக்கொண்டார். பிறகு வேறு ஊரில் வேறு மருத்துவர், முன்பு என்ன ஊசி போட்டார்கள் என்று கேட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கான்ட்ராஸ்ட் கொடுக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. பில் மங்கும் காகிதத்தில் அச்சானது, எழுத்தே போய்விட்டது. செல்லுக்குள் ஒற்றைத் துகளைத் தேடிப் பிடிக்கிற மகனால் அம்மாவுக்குப் போட்ட ஊசியின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த வேண்டுகோளை எழுத வேண்டும் என்று நாங்கள் கூடியது அன்றைக்குத்தான்.

ஆகவே, ஸ்கேனுக்கோ சிகிச்சைக்கோ ஊசி போட்டால் மருந்தின் பெயர், தயாரிப்புத் தொகுதி எண், அளவு, தேதி ஆகிய நான்கையும் கேளுங்கள். மங்கும் பில்லை நகலெடுத்து ஃபைலில் வையுங்கள். ஊசிக்குப் பின் உடம்புக்கு ஏதாவது செய்தால் மருத்துவரிடம் சொல்வதோடு, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-இலும் சொல்லலாம். நோயாளியோ வீட்டாரோ சொல்வதற்கு அங்கே வழி இருக்கிறது. புதிய மருந்தின் பரிசோதனையில் சேரும்படி உங்களைக் கேட்டால், ‘இது என் உடம்பைவிட்டு எப்போது, எந்த வழியாக வெளியேறும்? எத்தனை வருடம் என்னைக் கூப்பிட்டுப் பார்ப்பீர்கள்?’ என்று கேளுங்கள். பதிலைத் தமிழில், எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்றும் கேட்கிறோம். மருத்துவப் பரிசோதனைகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒவ்வொன்றிலும் பொதுமக்களில் ஒருவர் உறுப்பினராக இருந்தாக வேண்டும் என்று 2019-இன் விதிகள் சொல்கின்றன. பள்ளி ஆசிரியர்கள், வங்கியில் ஓய்வு பெற்றவர்கள், மகளிர் குழுக்களை நடத்திய அனுபவமுள்ளவர்கள் அந்த நாற்காலிக்கு முன்வர வேண்டும். மூலக்கூறு வேதியியல் தெரியாதே என்று தயங்காதீர்கள். மற்றவர்கள் கேட்க மறந்துவிடும் எளிய கேள்வியைக் கேட்க அங்கே ஒருவர் தேவைப்படுகிறார்.

மருத்துவர்களிடமும் செவிலியரிடமும் ஸ்கேன் மையம் நடத்துவோரிடமும் எங்கள் வேண்டுகோள் இன்னும் சிறியது. ஊசிக் குப்பியில் ஒட்டியிருக்கும் லேபிளை ஒரு படம் எடுத்து நோயாளியின் கையில் கொடுங்கள். நானோ மருந்துகளை எப்படி மதிப்பிட வேண்டும் என்று இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2019-இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. அத்தகைய மருந்தைப் பெறும் ஒவ்வொருவரின் விவரத்தையும் நீண்ட காலம் காக்கும் பதிவேடு ஒன்றை அரசு நடத்த வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். உங்கள் பகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் நீங்களும் அதைக் கேளுங்கள். அந்தப் பதிவேடு வரும்வரை உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஃபைல்தான் பதிவேடு.

இப்படிக்கு,
உயிருள்ள செல்களை ஒளியால் காணும் ஆய்வுக்கூடப் பணியாளர்களும் மாணவர்களும்