புதுக்கோட்டையை நான்காகப் பிரித்தது எந்தக் கணக்கு?

தொகுதி மறுவரையறை என்றாலே தமிழ்நாட்டில் எழுகிற கேள்வி ஒன்றுதான்: நமக்கு எத்தனை இடம்? நியாயமான கேள்வி. ஆனால் கிடைக்கிற இடங்களுக்கான எல்லைக் கோடு எந்த ஊர் வழியாகப் போகும், அதை யார் முடிவு செய்வார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "அது வெறும் கணக்கு. மக்கள்தொகையை வகுத்துப் பிரிக்கிற வேலை. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான ஆணையம் செய்கிறது, நீதிமன்றம்கூடத் தலையிட முடியாது. இதில் சந்தேகம் கிளப்பினால் தேர்தல் மீது மக்களுக்கு இருக்கும் நம்பிக்கைதான் கெடும்." இந்த வாதத்தை ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்பதில்லை.

முதலில் கணக்கு. 100 வாக்காளர்கள், 5 தொகுதிகள், தொகுதிக்கு 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். 60 பேர் ஒரு கட்சிக்கும் 40 பேர் மற்றொரு கட்சிக்கும் வாக்களிக்கிறார்கள். எல்லாத் தொகுதியிலும் 12-க்கு 8 என்று விழும்படி கோடு போட்டால் பெரிய கட்சி ஐந்தையும் அள்ளிவிடும். அந்த 40 பேரை 11, 11, 11, 4, 3 என்று பிரித்தால் சிறுபான்மை வாக்குப் பெற்ற கட்சிக்கு மூன்று தொகுதிகள். இரண்டு வரைபடத்திலும் மக்கள்தொகை சமம். வகுத்தல் சரியாக இருப்பதால் மட்டும் முடிவு நேர்மையாகிவிடாது.

இது தாளில் போட்ட கணக்கு என்று தள்ளிவிட முடியாதபடி நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 2009 தேர்தலிலிருந்து புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி இல்லை. அந்த மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் திருச்சிக்குப் போயின. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, விராலிமலை கரூருக்கு. ஒரே மாவட்டத்துக்காரர் நான்கு எம்.பி.க்களிடம் மனுக் கொடுக்க வேண்டும். மாவட்டத் தலைநகருக்கென்று சொந்தமாக ஓர் எம்.பி. கிடையாது.

கணக்கு இப்படிக் கட்டாயப்படுத்தியதா? புதுக்கோட்டைத் தொகுதியை நீக்கிய மறுவரையறை 2001 கணக்கெடுப்பின்படி நடந்தது. அப்போது தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 6.24 கோடி. 39 தொகுதிகளுக்கு வகுத்தால் சராசரி 16 லட்சம். புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 14.6 லட்சம். சராசரியைவிட 9 விழுக்காடு குறைவு, அவ்வளவுதான். இங்கே ஒரு மக்களவைத் தொகுதிக்கு வேண்டிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தன. பக்கத்து மாவட்டங்களின் மிச்சத்தை எங்கே சேர்ப்பது என்ற சிக்கல் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிக்கலைத் தீர்க்க எந்த மாவட்டத்தைக் கலைப்பது என்பதை வகுத்தல் சொல்லாது. அதை முடிவு செய்தவர்கள் மனிதர்கள்.

2002-ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டமும் வெறும் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. தொகுதி நிலப்பரப்பில் நெருக்கமாக இருக்க வேண்டும். இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, பொதுமக்களின் வசதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்கிறது. இவை ஒன்றோடொன்று மோதினால் எதற்கு முதலிடம் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் வரைபவரின் விருப்பம் நுழைகிறது.

அனந்தநாக்–ரஜௌரி மக்களவைத் தொகுதியைப் பாருங்கள். 2022-இல் ஜம்மு காஷ்மீருக்கான ஆணையம், பீர் பஞ்சால் மலைத்தொடரின் இரு பக்கத்தையும் சேர்த்து இதை உருவாக்கியது. இரண்டையும் நேராக இணைக்கும் முகலாயர் சாலை குளிர்காலத்தில் பனியால் மூடப்படும். 2024 மே 7-இல் நடக்க வேண்டிய வாக்குப்பதிவு, போக்குவரத்து இடர்ப்பாட்டைக் காட்டி மே 25-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. போக்குவரத்து வசதியைப் பார்க்கச் சொல்லும் சட்டத்தின் கீழ் வரைந்த தொகுதியின் கதை இது.

அதே ஆணையம் ஜம்முவுக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கூட்டியது, காஷ்மீருக்கு ஒன்று. 2011 கணக்கெடுப்பில் காஷ்மீரில் சுமார் 68.9 லட்சம் பேர், ஜம்முவில் 53.8 லட்சம் பேர். இப்போது காஷ்மீருக்கு 47, ஜம்முவுக்கு 43. அதாவது காஷ்மீரில் ஒரு தொகுதிக்குச் சராசரி 1.47 லட்சம் பேர், ஜம்முவில் 1.25 லட்சம் பேர். நிலப்பரப்பின் கடினத்தை ஆணையம் காரணமாகச் சொன்னது. அப்படியானால் அது வெறும் கணக்கு இல்லை என்று ஆணையமே ஒப்புக்கொண்டதாகிறது. 2024-இல் காஷ்மீர்க் கட்சியான தேசிய மாநாட்டுக் கட்சிதானே ஆட்சிக்கு வந்தது, கோட்டினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. யார் வென்றாலும் ஒரு குடிமகனின் வாக்கு இன்னொருவருடையதைவிட எடை குறைந்து கிடக்கிறது. அந்தக் குறை தேர்தல் முடிவால் தீராது.

அடுத்தது, நீதிபதி தலைமையிலான ஆணையம் என்பது. எப்போதும் அப்படி நடப்பதில்லை. 2023-இல் அசாமில் எல்லைகளை மாற்றியது மறுவரையறை ஆணையம் இல்லை, தேர்தல் ஆணையம். ஜம்மு காஷ்மீருக்கு 2011 கணக்கெடுப்பு, அதற்கு அடுத்த ஆண்டு அசாமுக்கு 2001 கணக்கெடுப்பு. நிர்வாக எல்லைகளை மாற்றக் கூடாது என்ற தடை 2023 ஜனவரி 1-இல் தொடங்குவதற்கு முந்தைய நாள், மாநில அமைச்சரவை நான்கு மாவட்டங்களைப் பழைய மாவட்டங்களோடு இணைத்தது. மறுவரையறை முடிந்ததும் அவை மீண்டும் தனி மாவட்டங்களாயின. விளைவைத் துப்ரியில் பார்க்கலாம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள அந்த மக்களவைத் தொகுதியில் 2024-இல் வாக்காளர்கள் 26 லட்சத்துக்கும் மேல். மலைப்பகுதியான திபுவில் ஏறக்குறைய 9 லட்சம். துப்ரியில் காங்கிரஸ் வேட்பாளர் 10 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஒரே தொகுதியில் குவிந்த அந்த உபரி வாக்குகளால் வேறெங்கும் பயனில்லை. 2019-இல் காங்கிரஸ் வென்ற பார்பேட்டா, எல்லை மாறிய பிறகு பா.ஜ.க.வின் கூட்டணிக் கட்சிக்குப் போனது.

நீதிமன்றம் தலையிட முடியாது என்பதும் பாதி உண்மையே. ஆணையத்தின் உத்தரவைச் சட்டத்துக்கு இணையாகக் கருத வேண்டும், கேள்வி கேட்க முடியாது என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2024-இல், குஜராத்தின் பார்டோலி தொடர்பான வழக்கில், உத்தரவு வெளிப்படையாகவே தன்னிச்சையானதாகவும் அரசமைப்பின் விழுமியங்களுக்கு ஒவ்வாததாகவும் இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று அதே நீதிமன்றம் கூறியது. அரசியல்வாதிகளோ 2008-லேயே தலையிட்டுவிட்டார்கள். பழங்குடியினருக்கான தொகுதிகள் குறையும் நிலை வந்தபோது, ஜார்க்கண்டுக்கான உத்தரவு செல்லாது என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் பழங்குடி மக்களுக்கு நல்லதே செய்தது. ஆனால் ஆட்சியில் இருப்பவர்களுக்குத் திறக்கிற கதவு புதுக்கோட்டைக்காரருக்குத் திறக்கவில்லை.

கடைசியாக, சந்தேகம் கிளப்பினால் நம்பிக்கை கெடும் என்ற அறிவுரை. பிரிட்டனில் 2023-இல் முடிந்த மறுவரையறையில், தீவுகள் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, எல்லாத் தொகுதியும் 73,393 வாக்காளர் என்ற சராசரியிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்பது சட்டம். முன்வரைவு, பொது விசாரணை, திருத்திய வரைவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் சொல்லும் அறிக்கை என்று வேலை நடந்தது. அங்கும் புகார்கள் உண்டு. ஆனால் புகார் சொல்பவருக்கு எழுத்தில் பதில் கிடைக்கிறது. நம் சட்டத்தில் விலகலுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. ஆட்சேபத்தை ஏன் நிராகரித்தோம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆணையத்தின் துணை உறுப்பினர்களான எம்.பி.க்களுக்கும் எம்.எல்.ஏ.க்களுக்கும் வாக்குரிமையும் இல்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. இடங்களின் எண்ணிக்கைக்காகக் குரல் கொடுக்கும் நம் கட்சிகள், விலகலுக்குச் சட்டபூர்வமான வரம்பும் ஆட்சேபங்களுக்கு எழுத்துப்பூர்வமான பதிலும் வேண்டும் என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும். வரைவு வெளியாகும் நாளில் உங்கள் ஊர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கோடு தவறாகப் போயிருந்தால் கெடு முடிவதற்குள் ஆட்சேபம் எழுதுங்கள், பொது அமர்வுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள்.