திறப்பு விழா வத்தல்மலைக்கு வருமா?

வார இறுதி மாலைகளில் சென்னைக் கலைக்கூடங்களின் திறப்பு விழாக்களுக்கு நாம் சென்று வருவதுண்டு. குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், காகிதக் கோப்பையில் தேநீர், ஓரத்தில் விலைப்பட்டியல். பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் கிடையாது; ஆயினும் வந்திருப்போர் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்கள். சுவரில் உழவரும் மீனவரும் மலைமக்களும் இருப்பர், கூடத்தில் இருக்கமாட்டார்கள். திறந்திருக்கும் வாசலெல்லாம் எல்லோருக்குமான வாசல் அல்ல என்பதைத் தலித் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இவ்வழக்கத்தை மீறியோர் உண்டு. 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரான பழனி குமார், மலக்குழி மரணங்களில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பற்றிய ஒளிப்படங்களை 2017இல் 'நானும் ஒரு குழந்தை' என்ற தலைப்பில் காட்சிக்கு வைத்தார். அவர் அத்துடன் நிற்கவில்லை. தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒளிப்படக் கலையைக் கற்பித்தார். அவர்கள் எடுத்த படங்களும் காட்சிக்கு வந்தன. பார்க்கப்பட்டவர்கள் பார்ப்பவர்களானார்கள். நம் கணிப்பில், அண்மைக்காலத் தமிழ்க் கலையுலகில் நிகழ்ந்த முதன்மையான மாற்றம் இதுவே.

எனினும், அழைக்கப்படுவது மட்டும் போதாது. மத்தியப் பிரதேசத்துப் பாட்டன்கட் சிற்றூரைச் சேர்ந்த கோண்டு ஓவியர் ஜன்கட் சிங் ஷ்யாம், போபால் பாரத் பவனுக்கு ஓவியர் ஜெ. சுவாமிநாதனால் அழைத்துவரப்பட்டவர். 1989இல் பாரிஸ் கண்காட்சி வரை அவருடைய ஓவியங்கள் சென்றன. 2001இல் ஜப்பானிய அருங்காட்சியகம் ஒன்றில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பின்னரே அவருக்குத் தரப்பட்ட ஊதியமும் ஒப்பந்த நிபந்தனைகளும் கேள்விக்குள்ளாயின.

தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கிறது வத்தல்மலை. மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் காப்பியும் விளைவிக்கும் ஊர். விடுமுறை நாளில் மேலேறி வருவோரின் கைபேசிகளில் அம்மக்கள் 'இயற்கைக் காட்சி'யின் ஒரு பகுதியாகப் பதிவாகிறார்கள். அப்படம் எங்கே போகிறது என்று எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. கீழே, 2012 நவம்பர் 7 அன்று எரிக்கப்பட்ட நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகளின் படங்களும் அவ்வாறே நாடெங்கும் சென்றன. தம் வீடு எரிந்த கதையைத் தாமே காட்சியாக்க அம்மக்களுக்கு மாவட்டத்தில் ஒரு கூடம் வேண்டாமா?

இத்தனைக்கும் நடுகற்களுக்குப் பேர்போன மண் இது. வீழ்ந்தவனின் உருவைச் செதுக்கி, பெயரும் ஊரும் பொறித்து, வெட்டவெளியில் நட்ட கலை அது. அதைக் காண எவரும் அழைப்பிதழ் பெறவில்லை. அக்கற்களில் பல இன்று தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

2024இல் நிறைவேறிய தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம், இம்மக்களுக்கான நிதியை உறுதிசெய்வதாகச் சொல்கிறது. விடுதிக் கட்டடத்துக்கும் சாலைக்கும் செலவிடுவதோடு, அந்நிதியில் ஒரு சிறுபங்கையேனும் கலைக்கு ஒதுக்குமாறு கோருகிறோம். வத்தல்மலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேமராவும் வண்ணமும் தரப்படட்டும். அவர்கள் படைப்பவை முதலில் மலையிலேயே, வேலைக்குச் சென்றோர் வீடு திரும்பியிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் திறக்கப்படட்டும். சென்னைக்கு அவை போவதானால், விற்பனைத் தொகையும் பயணச் செலவும் படைத்தவருக்கே என்று எழுத்தில் எழுதிய பிறகு போகட்டும்.